துவையலும் தவசாகும்





காவேரிப்பட்டினம் என்றதும் பலருக்குச் சோழநாட்டுக் கடற்கரையில் இருந்த பழைய காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பெயரில் காவேரி, ஊரை நனைப்பது தென்பெண்ணை. ஆற்றின் மேல்பக்கம் சில கல் தொலைவில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது. காமராசர் ஆட்சிக் காலத்தில், 1950-களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது அது. கன்னட நாடு பக்கம் என்பதால் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் நிப்பட்டு இருக்கும்.

இந்த வட்டாரத்துக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்தபின் அந்த வரவு கூடியது. அப்படி வந்த அய்யாவழிக் குடும்பம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். கணவன் விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்துப் போகிறவன். மனைவி மாம்பழக் காலத்தில் மட்டும் மாங்கூழ் தொழிற்சாலைக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். வாடகை வீட்டின் ஒரு மூலையில் கண்ணாடியும் விளக்கும் வைத்துச் சாயங்காலம் உகப்படிப்பு படிக்கிறார்கள். அங்கே பதியும் தாங்கலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இங்கே அந்த மூலைதான் எல்லாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தது டிராக்டர் வரிசை. கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரகம் மூட்டையாகவும் கூடையாகவும் வந்து ஆலை வாசலில் இறங்கும். பழத்தைக் கழுவ வேண்டும், அழுகியதைப் பொறுக்கி எறிய வேண்டும், காம்புப் பக்கத்தை வெட்டித் தள்ள வேண்டும். காம்பில் வடியும் பால் பட்ட இடம் எரியும், சிலருக்குக் கொப்புளமே கிளம்பும். நாள் முழுக்க நின்றபடி வேலை. காலையில் உள்ளே நுழையும்போது மூக்கைத் துளைக்கும் அந்த இனிப்பு மணம் சிறிது நேரத்தில் காணாமல் போய்விடும். பழம் அங்கேயேதான் இருக்கிறது. மூக்குதான் அதை உணர்வதை நிறுத்திவிடுகிறது. ஒரே வாசனைக்குள் நெடுநேரம் இருந்தால் அப்படித்தான் ஆகும். விலகி வேறு காற்றுக்கு வந்தால் மறுபடியும் உணரும். உடம்பின் இயல்பு அது.

ஆனி மாதத்து மாலை ஒன்றில் அந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லில் வேலைப் புடவையை நனைக்கிறாள். தண்ணீர் பட்டதும் துணியிலிருந்து மாம்பழ மணம் குப்பென்று எழுகிறது. பகல் முழுக்கத் தொட்டு, வெட்டி, கூடை கூடையாகத் தள்ளிய பழம் அப்போதுதான் அவளிடம் வருகிறது. காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. மறுகணம் அந்தச் சிரிப்பின் மேலேயே கோபமும் வருகிறது. பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைக்குப் பீஸ் கட்டவில்லை. ஊரில் தாயாருக்கு முடியவில்லை. பழத்துக்கு விலையில்லாமல் போனால் ஆலை வேலையும் குறையும். விலை சரிந்த ஆண்டுகளில் பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஒரு அழுக்குப் புடவையை மோந்து மகிழ்வது என்ன மனசு?

இந்தக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் கவலை இருக்கும் எந்த வீட்டிலும் இது உண்டு. துன்பம் தீராதபோது மனம் மகிழலாமா? அது தன்னையே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. கடமை முடியும்வரை மகிழ்ச்சி கூடாது என்பது ஒன்று. கடமை என்றைக்கு முடிந்திருக்கிறது? அதை விட்டுவிடலாம். மற்றது, இருப்பதைக் கொண்டு திருப்தியாக இரு, பூவைப் பார், வானத்தைப் பார், கவலை போய்விடும் என்பது. கேட்க இனிமையாக இருக்கும் இந்தப் பதில்தான் ஆபத்தானது. கூலி கொடுக்காதவனும் இதையேதான் சொல்வான்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய திருவிதாங்கூரை நினைத்துப் பார்க்க வேண்டும். தலைவரி, பனைவரி, கூலியில்லாத ஊழியம். தாலிக்குக்கூட ஆயம் கேட்ட கொடுமையை அகிலத்திரட்டு சொல்கிறது. பனையேறுகிறவர் விடியற்காலையில் உச்சியில் நின்றால் கிழக்கே வானம் சிவப்பது தெரியும். அப்படிப்பட்ட காட்சி அரண்மனை உப்பரிகையிலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பனையேறியிடம், 'உனக்குத்தான் தினமும் சூரியோதயம் கிடைக்கிறதே, வரியைப் பற்றி ஏன் புலம்புகிறாய்?' என்று ஒருவன் கேட்டிருந்தால் அவனை என்னவென்று சொல்வது!

அன்றைக்குப் பறிக்கப்பட்டவை எவை என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. நிலம், பணம், பதவி போன்ற பெரியவை மட்டும் பறிபோகவில்லை. சான்றோர் குலப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுத்து வரக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். தோளில் சீலை கூடாது. வெயிலுக்குக் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது. ஆண்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி ஒதுங்க வேண்டும். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு, குடத்துத் தண்ணீர் தளும்ப, கொஞ்சம் சாய்ந்து நடந்து வருவது எவ்வளவு சாதாரணக் காட்சி. சட்டமும் சாதியும் கைகோத்துத் தடுத்தவை இப்படிப்பட்ட சாதாரணங்கள்தான். அடக்கி வைத்தவர்களுக்கு அன்றாட அழகின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் ஒரு குடத்துக்குப் போய் விதி போட்டிருப்பார்களா?

இதில் கொடிய பகுதி வேறு. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தவர்களுக்கு, குனிவதே உடம்பின் வழக்கமாகிவிட்டது. மாங்கூழ் ஆலையில் மூக்கு மணத்தை உணராமல் போவது போல, குனிந்த முதுகு தன் வலியை உணராமல் போனது. பழக்கம் அழகை மட்டுமா மறைக்கிறது? அநியாயத்தையும் அதே திரைதான் மறைக்கிறது. ஆகவே அந்தப் பெண் தன் சிரிப்பை எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. மணம் திரும்பக் கிடைத்த மூக்குக்கு நாற்றமும் தெரியும். மகிழ்ச்சி நியாயத்துக்கு எதிரி அல்ல. மரத்துப் போவதுதான் இரண்டுக்கும் எதிரி.

கொல்லம் 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்து பூவண்டன்தோப்பில் தவமிருந்த அய்யா வைகுண்டர் இந்த மரத்துப்போன நிலையைத்தான் முதலில் உடைத்தார். அவர் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் பெரும்பாலும் அன்றாடக் காரியங்களாகவே இருப்பது கவனிக்கத் தக்கது. தலையில் ஒரு துணி. நெற்றியில் கொஞ்சம் வெள்ளை மண். ஒரு கிணறு. ஒரு பந்தி. தலைப்பாகை கட்டியவன் குனிந்தால் அது அவிழ்ந்து விழும். நிமிர்ந்தே நடக்க வேண்டும். முந்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்து, ஒன்றாகக் குடித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்தில் நிற்பவன் விலகி ஓடாமல் வாளியை வாங்கிக்கொள்ளும்போது அதே தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதை அன்று முதன்முதலாகக் குடித்தவர்கள்தான் அறிவார்கள்.

தோள்சீலைக்கு அரசு வாய் திறந்து அனுமதி தந்தது 1859-ல். அதுவும் நிபந்தனைகளோடு. அய்யா வைகுண்டம் எய்தியது 1851-ல். அரசாணை வருவதற்கு வெகுகாலம் முன்பே பதியில் மனிதர்கள் நிமிர்ந்து நின்று பழகிவிட்டார்கள்.

துவையல் தவசை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து அய்யா திரும்பியபின், எழுநூறு குடும்பத்தார் கன்னியாகுமரிக் கடலோரத்து வாகைப்பதியில் கூடினார்கள். என்ன தவம்? காட்டுக்குப் போகவில்லை. மூச்சை அடக்கவில்லை. பெண்டு பிள்ளைகளை விட்டு ஓடவும் இல்லை. ஒரு வேளை எளிய சைவ உணவு. நாள்தோறும் கடலில் குளிப்பு. உடுத்த துணியைத் துவைப்பு. அவ்வளவுதான். ஆண், பெண், குழந்தை எல்லோரும் துவைத்தார்கள். உலகத்தில் எத்தனையோ சமயங்களில் எத்தனையோ தவங்கள் உண்டு. துணி துவைப்பதற்கே தவசு என்று பெயர் வைத்த வழி வேறொன்று இருந்தாலும் அபூர்வமே.

அந்தத் தவசு சுகமானதாக இருந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். கடற்காற்று, பனி, உப்பு, அரை வயிறு; நோயும் வந்தது. மகிழ்ச்சிக்காக யாரும் அங்கே போகவில்லை. ஆனாலும் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளத் தடையில்லை. பிறர் வீட்டுக்கு ஊழியம் செய்தே பழகிய கை, தன் துணியை, தனக்காக, தன் நேரத்தில் துவைக்கிறது. அலையில் அலசிப் பிழிந்து மணலில் விரித்தது காய்ந்து வெளுத்திருக்கிறது. உப்பு வாடை. எழுநூறு குடும்பத்தின் துணி ஒரே கரையில், யாருடையது உயர்ந்தது என்ற பேச்சில்லாமல். வேலை அதேதான். யாருக்காக, எந்த நிமிர்வோடு என்பதுதான் மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் பழைய வேலைக்குள்ளேயே இதுவரை தெரியாத ஓர் ஒளி இருந்திருக்கும்.

காவேரிப்பட்டினத்துத் துவைக்கிற கல்லுக்கும் வாகைப்பதிக் கடலுக்கும் தூரம் அதிகம். ஆனால் அன்புக்கொடி மக்கள் வீட்டில் யாரும் துணி துவைப்பதை வெறும் வேலை என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு மட்டுமான வேலை என்று சொல்லவும் முடியாது. துவையல் தவசில் ஆண்களும் துவைத்தார்கள் என்பதைச் சில வீடுகளில் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அகிலத்திரட்டின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அரிகோபாலன் சீடர் கையால் கொல்லம் 1016 கார்த்திகையில் எழுதப்பட்ட ஆகமம் அது. அதற்கு அம்மானை என்று பெயர். அம்மானை என்பது முதலில் என்ன? பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து, எறிகிற தாளத்துக்குப் பாட்டுப் பாடி ஆடிய விளையாட்டு. அந்தப் பாட்டு நாளடைவில் பாமரர் கதை கேட்கும் வடிவமானது. யுகங்களின் கதையைச் சொல்லும் நூல், முற்றத்து விளையாட்டின் பெயரை ஏற்று வந்திருக்கிறது. கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிக்கும்போது எழுத்தறியாத பாட்டிமார்கூட அடுத்த சொல்லை முன்கூட்டியே முணுமுணுப்பது இதனால்தான்.

பள்ளியறைக் கண்ணாடியைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். உனக்குள் இறைவனைப் பார் என்பது அதன் பொருள் என்று எல்லோரும் அறிவார்கள். பேசப்படாத ஒன்று உண்டு. கூட்டமான நாளில் கண்ணாடி முன் நிற்பவருக்குத் தன் முகம் மட்டும் தெரிவதில்லை. பின்னால் நிற்பவர் முகமும் தெரிகிறது. தலைப்பாகை சரிந்த ஒரு தாத்தா, தோளில் தூங்கும் குழந்தை, கொட்டாவி விடும் ஒரு பையன். யாரும் யாரையும் பார்ப்பதாக நினைக்காமல் எல்லோரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் தெரிகிறார்கள். தன்னைப் பார்க்கப் போன இடத்தில் அடுத்தவரைப் பார்ப்பது எதிர்பாராததுதான். அவரும் தன்னைப் போலவே அழகாக இருக்கிறார் என்று தோன்றினால், அந்த நாளுக்கு அது போதும்.

இனி ஓர் எச்சரிக்கை. எதிர்பாராமல் கண்ணில் படும் அழகெல்லாம் அழகல்ல. தென்பெண்ணை கன்னட நாட்டு நந்திமலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வந்து, கெலவரப்பள்ளி அணையைக் கடந்துதான் கே.ஆர்.பி. அணைக்கும் காவேரிப்பட்டினத்துக்கும் வருகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பாற்கடல் போல இருக்கும். படம் எடுக்கிறார்கள். கிட்டப் போனால் மூக்கைப் பொத்த வேண்டும். பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து வரும் நுரை அது. துவைக்கிற கல்லில் வரும் நுரை அழுக்கைக் கழற்றும். ஆற்றில் வரும் இந்த நுரையில் அழுக்கே பொங்கி நிற்கிறது. சில ஆண்டுகள் முன்பு இது பெரிய செய்தி. இப்போது மழைக்காலத்தில் வருவதுதானே என்று ஆகிவிட்டது. மூக்கு பழகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கமும் இந்த வட்டாரத்தில் உண்டாகி வருகிறது. தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசா, பீகார், அசாமிலிருந்து இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒரு அறையில் பலர் படுத்து, ஷிப்ட் மாறும்போது பாயும் மாறுகிறது. பேர் கேட்காமல் 'இந்திக்காரன்' என்று எல்லோருக்கும் ஒரே பேர். டீக்கடையில் அவர்கள் ஓரமாக நிற்பதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. தெற்கிலிருந்து வந்தவர்களும் ஒரு காலத்தில் இங்கே வெளியூர்க்காரர்களாகத்தான் நின்றார்கள். முந்திரிக்கிணற்றின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார இடம் கொடுப்பது பெரிய காரியமல்ல. இடம் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையன்கள் சிரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது தெரியும். அதுவும் அன்றாடத்துக்குள் மறைந்து கிடந்த ஒன்றுதான்.

மாங்கூழ் ஆலைப் பெண்ணிடம் திரும்பலாம். அவள் கேள்விக்குப் பதில் யாரும் வந்து சொல்லவில்லை. பீஸ் பாக்கி அப்படியேதான் இருக்கிறது. கையில் பால் பட்ட இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறாள். கூட வேலை செய்யும் இன்னொருத்திக்கும் அதே கொப்புளம். கையுறை கேட்க வேண்டும் என்று மதியம் சாப்பிடும்போது பேசிக்கொண்டார்கள். நாளைக்குச் சேர்ந்து கேட்பதாக இருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியாது.

புடவையைப் பிழியாமல் ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மக்ளே, இங்க ஓடி வா. இத மோந்து பாரு."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்பிள்ளை எழுந்து வந்து ஈரத்துணியில் முகத்தை வைத்தது. அதற்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

"இதுவா? நீ வேலைக்குப் போன நாளெல்லாம் வீடு பூரா இந்த மணம்தாம்மா."